இரும்பை முத்துப்போல் வாங்கலாமா?

பரதவரின் ஏழு கடல்துறைகளில் வடகோடியில் இருப்பது வேம்பார். அங்கிருந்து தெற்கே மணப்பாடு வரை நீளும் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியிலிருந்து எடுத்த முத்தைத் தரம் பிரிப்பதற்கு இங்கே ஒரு தனிக் கலையே இருந்தது. 20 துளை உள்ள சல்லடையில் தொடங்கி 1000 துளை உள்ள சல்லடை வரை பத்துச் சல்லடைகளில் சலித்து அளவு பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு முத்தையும் விரலில் உருட்டி, உருட்சியையும் ஒளியையும் பார்த்து ஆணி, அணாதாரி, வடிவு, குறுவல், தூள் என்று வகை சொல்வார்கள். மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை பேசுவார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு ஓய்ந்துபோனது. ஆனால் மேனியைப் பார்த்து மதிப்புச் சொல்லும் பழக்கம் ஓயவில்லை. முத்துக்கு அது சரி. முத்தின் தரம் முழுவதும் அதன் மேனியில்தான் இருக்கிறது. உள்ளே உடைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. கோடாலி அப்படிப்பட்ட பொருள் அல்ல. அதன் தரத்தில் முக்கால் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கையால் அடித்த புதுக் கோடாலியை மினுமினுப்பைப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் வாங்குபவரையும் ஏமாற்றுகிறது, நல்ல கொல்லரையும் தொழிலைவிட்டு விரட்டுகிறது என்பதே என் கருத்து.

கடற்கரை ஊருக்குக் கோடாலி எதற்கு என்று கேட்கலாம். வேம்பாரில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் தெரிவது பனையும் சீமைக் கருவேலமும்தான். பனை ஏறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் ஊர்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். பட்டுப்போன பனையை அறுத்துப் பிளந்து கைமரமாகச் செதுக்கும் வேலை இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது கரிமூட்டம். விளாத்திகுளம் வட்டாரத்திலும் அதை ஒட்டிய இராமநாதபுரம் மாவட்டத்திலும் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது பல ஆயிரம் குடும்பங்களின் வானம் பார்த்த பூமிக்கு மாற்றான வருமானம். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது. அது போன பிறகு மிஞ்சிய தூரையும் மறுபடி துளிர்த்த கட்டையையும் வெட்டியது கோடாலிதான். அந்தக் கரியை வாங்கி உலையில் போட்டுத்தான் கொல்லர் அடுத்த கோடாலிக்கு இரும்பைக் காய்ச்சுகிறார். மரத்தை வெட்டுவது கோடாலி, கோடாலியைப் பிறப்பிப்பது அந்த மரத்தின் கரி. இப்படி ஒரு வட்டாரத்தின் பிழைப்பையே சுற்றிக்கொண்டிருக்கும் கருவியை நாம் எப்படிப் பார்த்து வாங்குகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

இன்று கடையில் தொங்கும் கோடாலிகளைப் பாருங்கள். வாய் முழுவதும் கண்ணாடிபோல் மின்னும். கன்னத்தில் கறுப்போ சிவப்போ பெயின்ட் பூசியிருக்கும். காதின் ஓரங்கள் வழவழவென்று இருக்கும். பக்கத்திலேயே பட்டறையில் அடித்து அப்படியே கொண்டுவந்த ஒன்று கிடக்கும்: கறுத்த தோல், சம்மட்டி பட்ட தடங்கள், வாய் மட்டும் அரத்தால் ராவியது. இரண்டும் ஒரே விலை என்றால் பத்தில் ஒன்பது பேர் மின்னுவதைத்தான் எடுப்பார்கள். இதில் வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது. கடையில் அவருக்குக் காட்டப்படுவது அது ஒன்றுதான். ஆனால் அந்த மினுக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். கையில் பிடிக்கும் கிரைண்டரால் வந்தது. காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக்கும் தோய்ச்சல் முடிந்த வாயின் மேல் அந்தச் சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் மெல்லிய விளிம்பு சில நொடிகளில் சூடேறும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம், அதையும் தாண்டினால் சாம்பல். நீலம் தோன்றும்போது இரும்பின் சூடு 300 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்துவிட்டது. சாம்பலுக்குப் போய்விட்டால் கொல்லர் தண்ணீரில் கொடுத்த கடினத்தில் பெரும்பங்கு அந்த விளிம்பிலிருந்து இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு நைசான தகட்டுச் சக்கரத்தை ஒருமுறை ஓட்டினால் அந்த நிறமும் மறைந்து வெள்ளி போல ஆகிவிடும். எந்த வேலை கருவியைக் கெடுத்ததோ அதே வேலை கெட்டதற்கான அடையாளத்தையும் துடைத்துவிடுகிறது. வாங்குபவர் அதைத்தான் தரம் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்கிறார். நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: இப்படிக் கெட்டது பெரும்பாலும் விளிம்பின் ஒரு நூல் அளவுதான். நாலைந்து தடவை தீட்டித் தேய்த்தால் உள்ளே நல்ல இரும்பு வரலாம். ஆனால் முதல் வாரமே வாய் மடிந்த கோடாலியைக் கூலிக்கு வெட்டுபவர் அதுவரை வைத்துக்கொண்டிருக்க மாட்டார். “நாட்டுப் பட்டறைச் சாமான் இப்படித்தான்” என்று தூக்கிப் போட்டுவிடுவார். பழி கொல்லர் மேல் விழும்.

கோடாலியின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. இன்று பெரும்பாலான பட்டறைகளில் நல்ல கோடாலிக்கு எடுக்கும் இரும்பு லாரியின் பழைய வில்பட்டை. அதில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல், ஏறக்குறைய 0.6 பங்கு வரை கார்பன் இருக்கும். கட்டட வேலைக்கு வரும் சாதாரணக் கம்பியிலும் தகட்டிலும் அதில் பாதிகூட இராது. பட்டை இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் இறுகும். சாதாரணத் தகட்டை எத்தனை முறை தோய்த்தாலும் போதிய அளவு இறுகாது. அந்தக் காலத்தில் இரும்பு உடம்பில் வாய்க்கு மட்டும் உருக்கு வைத்து அடித்தார்கள், உருக்குக்கு அவ்வளவு விலை. இறுகினால் மட்டும் போதாது. தோய்த்து எடுத்தவுடன் வாய் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு காய்ந்த கணுவில் பட்டால் பல் போய்விடும். அதனால்தான் கொல்லர் மறுபடி மிதமாகச் சூடு ஏற விட்டு, வாயில் நிறம் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஊதா மாறி மயில்கழுத்து நிறம் தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறார். கத்திக்கு அதற்கு முன்பே நிறுத்த வேண்டும், கோடாலிக்குக் கொஞ்சம் விட வேண்டும். இந்தக் கணக்கு கண்ணில் இருக்கிறது. பட்டறை எப்போதும் இருட்டாக இருப்பதற்கு வசதிக்குறைவு மட்டும் காரணம் அல்ல. வெயிலில் வைத்தால் நிறம் ஏமாற்றும். தண்ணீரும் ஒரு விஷயம். உப்புத் தண்ணீர் இரும்பின் மேல் நீராவி போர்வையாகப் படிவதைக் கலைத்துவிடுவதால் நல்ல தண்ணீரைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். உப்பளமும் உவர்க்கிணறும் உள்ள கடலோரத்தில் தோய்ச்சல் தொட்டியில் என்ன தண்ணீர் நிற்கிறது என்று தெரியாமல் தோய்த்தால் வாயில் மயிரிழை வெடிப்பு விழலாம். பட்டை இரும்புக்கு எண்ணெய்த் தோய்ச்சல் பாதுகாப்பு என்று பல கொல்லர்கள் எண்ணெய்க்கு மாறியிருப்பது இதனால்தான். இத்தனையும் நடந்து முடிந்த பிறகு அந்தக் கோடாலியின் மேல் பார்வைக்குத் தெரிவது ஏதாவது உண்டா? ஏறக்குறைய ஒன்றுமில்லை. கெட்டிக்காரர் அடித்ததும் கற்றுக்குட்டி அடித்ததும் பெயின்ட்டுக்குக் கீழே ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற இடங்களிலும் நாம் தவறான இடத்தைப் பார்க்கிறோம். கோடாலியில் முதலில் பார்க்க வேண்டியது காது. கணை, அதாவது கைப்பிடி, நுழையும் அந்தத் துளையைத்தான் சொல்கிறேன். நல்ல கொல்லர் அதிகம் மெனக்கெடுவது அதில்தான். துளை இரு பக்கமும் ஒரே அகலத்தில் குழாய்போல இருந்தால் ஆப்பு அடித்தாலும் கணை விரிந்து பிடிக்க இடமில்லை. நடுவில் சற்று ஒடுங்கி மேல்வாயில் அகன்றிருந்தால் ஆப்பு இறங்க இறங்கக் கணை விரிந்து பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். காய்ந்த கருவேலங்கணையோ புளியங்கணையோ போட்ட கோடாலி அப்போதுதான் ஆண்டுக்கணக்கில் ஆடாமல் இருக்கும். காதின் உட்சுவரில் விரலை விட்டுத் தடவினால் இன்னொன்றும் தெரியும்: இரும்பை மடக்கிப் பற்றவைத்த இடம் ஒன்றாகக் கலந்திருக்கிறதா, ஒரு கோடாகப் பிரிந்து நிற்கிறதா என்பது. இன்று சில இடங்களில் குழாய்த்துண்டையோ தகட்டையோ மின்வெல்டிங்கால் ஒட்டிக் காதாக்கி, ஒட்டு தெரியாமல் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். கார்பன் அதிகமுள்ள பட்டை இரும்பில் சாதாரண வெல்டிங் செய்தால் ஒட்டின் ஓரம் நொறுங்கும் தன்மை அடைந்து வெடிக்கும். ஓங்கும்போது கணையைவிட்டுப் பறக்கும் ஒன்றரைக் கிலோ இரும்பு எதிரே நிற்பவரை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. வழவழப்பு அங்கே அழகுக்காக இல்லை, மறைப்பதற்காக இருக்கிறது.

அடுத்தது நேர். கோடாலியைத் திருப்பிக் காது வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தால் வாயின் கோடு துளையின் நடுவை வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு நெல் அகலம் கோணினாலும் வெட்டு ஒவ்வொன்றும் மணிக்கட்டைத் திருகும். மாலையில் வலிப்பது மணிக்கட்டுதான், யாரும் கோடாலியைச் சந்தேகிக்க மாட்டார்கள். கன்னம் தட்டையாக இருந்தால் பச்சைக் கருவேலத்தில் இறங்கிய கோடாலி கவ்விக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டும். கொஞ்சம் உப்பிய கன்னம் சிராயைத் தள்ளிவிட்டுத் தானே வெளியே வரும். இந்த உப்பலைச் சம்மட்டியால் அடித்துக் கொண்டுவருவது கஷ்டம், கிரைண்டரில் தேய்த்துத் தட்டையாக்குவது சுலபம். மினுக்கிய கோடாலிகளின் கன்னம் ஏன் பெரும்பாலும் பலகைபோல் இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. மேற்பூச்சில் அக்கறை இல்லாதவர் உள்வேலையில் மட்டும் அக்கறையாக இருப்பாரா, அலங்கோலமாகக் கிடப்பதைத் தரம் என்று தலையில் தூக்கி வைப்பது இன்னொரு மயக்கம் அல்லவா என்று கேட்பார்கள். மயக்கம்தான். கரடுமுரடாக இருப்பதெல்லாம் நல்ல கோடாலி என்று நான் சொல்லவில்லை. கரடு இரண்டு வகை. சம்மட்டித் தடங்கள் ஒரே ஆழத்தில், ஒன்றையொன்று ஒட்டி, காதிலிருந்து வாயை நோக்கி வரிசையாக இறங்கியிருந்தால் அது கைப்பழக்கத்தின் கையெழுத்து. அடித்தவர் சரியான சூட்டில் அடித்திருக்கிறார், இரும்பு அவர் சொன்னபடி ஓடியிருக்கிறது. தடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆழமாகக் குழிந்திருந்தாலோ, ஓர் ஓரத்தில் இரும்பு தன் மேலேயே மடிந்து உதடுபோல் படிந்திருந்தாலோ, அது சூடு ஆறிய பிறகும் விடாமல் அடித்ததன் அடையாளம். அந்த மடிப்புக்கு அடியில்தான் வெடிப்பு தொடங்கும். முன்னதை ஏற்றுக்கொள்ளலாம். பின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாயை ஒட்டிய இரண்டு விரற்கடை அகலத்துக்கு நன்றாக ராவியிருக்க வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை. வெடிப்பைக் காட்டுவது சுத்தமான இரும்புதான். அதற்கு மேல் கன்னம் முழுவதும் மினுக்குவதற்குச் செலவிடும் அரைமணி நேரத்தைக் கொல்லர் காதிலும் தோய்ச்சலிலும் செலவிட்டிருக்கலாம். அவருக்கும் ஒரு நாளைக்கு இருப்பது அவ்வளவு நேரந்தான். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதற்குத்தான் அவர் நேரத்தைக் கொடுக்க முடியும். இன்னொன்று, கடற்காற்று அடிக்கும் ஊரில் உலையிலிருந்து வந்த அந்தக் கருந்தோல் இரும்பைத் துருவிலிருந்து ஓரளவு காக்கும். அதை உரித்தெடுத்த வெள்ளை இரும்பு வேம்பார்க் காற்றில் ஒரே இரவில் செம்பூ பூத்துவிடும்.

மினுக்குவது நம் கொல்லர்களுக்குத் தெரியாத கலை அல்ல. கருப்பசாமிக்கும் சுடலைமாடனுக்கும் நேர்ந்துகொண்டு கொடுக்கும் ஆளுயர அரிவாளை அவர்கள்தான் அடிக்கிறார்கள். அதில் மேனியழகுதான் வேலை. வளைவு ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும், முகம் தெரியும்படி பளபளக்க வேண்டும். எந்த மரத்தையும் வெட்டப் போவதில்லை என்பதால் தோய்ச்சலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது சாமிக்குச் செய்யும் மரியாதை, அங்கே அதுவே முறை. அதே பட்டறையில் பனையேறிக்கு அடிக்கும் பாளை அரிவாளைப் பாருங்கள். மேனி எப்படி இருந்தாலும் கேட்பாரில்லை. வாய் மட்டும் பாளையைத் தாள்போலச் சீவ வேண்டும், இல்லையென்றால் பதநீர் ஊறாது. தன் கையில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை பாளை சீவும் பனையேறி மினுக்குக்கு மயங்குவதில்லை. சாமி அரிவாளைப் பார்க்கும் கண் வேறு, பாளை அரிவாளைப் பார்க்கும் கண் வேறு என்று இந்த ஊர்களுக்குத் தெரியும். கோடாலி விஷயத்தில் மட்டும் அந்தக் கண்ணைத் தொலைத்துவிட்டோம்.

எப்படித் தொலைந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. முன்பு கொல்லருக்கு ஊர்க்காரர் கருவிக்குக் கருவி காசு கொடுக்கவில்லை. ஆண்டு முழுவதும் அவர் அடித்துக் கொடுப்பார், தீட்டிக் கொடுப்பார். அறுப்பு முடிந்ததும் களத்து மேட்டில் அவருக்குரிய பங்கைத் தானியமாக அளப்பார்கள். அந்த ஏற்பாட்டில் சாதிக் கட்டும் இருந்தது, கொல்லருக்கு வேறு வழி இல்லாமல் செய்த அடிமைத்தனமும் இருந்தது. அது திரும்ப வர வேண்டும் என்று யாரும் விரும்பக் கூடாது. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருந்தது: அவர் அடித்த கோடாலி திரும்பத் திரும்ப அவரிடமே வந்தது. வாய் மடிந்தால் தோய்ச்சல் போதவில்லை என்று அவருக்குத் தெரியும். பல் போனால் கூடிப்போய்விட்டது என்று தெரியும். பழுதான வேலை அவருக்குத்தான் கூடுதல் வேலை. இன்று அவர் அடிப்பதை வியாபாரி மொத்தமாக எடுத்துப் போகிறார். எந்த ஊரில், எந்த மரத்தில், எத்தனை நாளில் அது கெட்டது என்ற செய்தி அவர் காதுக்கு வருவதே இல்லை. வருவது ஒன்றுதான், “இன்னும் கொஞ்சம் ஷைனிங்கா கொடுங்க” என்பது. கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்று பழமொழி சொல்கிறோம். அந்தத் தெருவில் விற்க முடியாததற்குக் காரணம் அங்கே எல்லோருக்கும் இரும்பு தெரியும் என்பதுதான். இரும்பு தெரிந்த தெருக்கள் குறைந்துவிட்டதால்தான் எந்த ஊசியையும் எங்கேயும் விற்க முடிகிறது.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இரும்பு புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் ரீ நடத்திய அகழாய்வில் தாழிகளோடு இரும்புக் கருவிகள் கிடைத்தன. 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகக் காலக்கணிப்பு முடிவுகளைத் தந்தது. அங்கே கிடைத்தவற்றில் கத்தி, அம்புமுனை, உளி, வாள் ஆகியவற்றோடு கோடாலியும் இருக்கிறது. அந்தச் செய்தி வந்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், படவேண்டியதுதான். ஆனால் தாழிக்குள் துருவேறிக் கிடந்த கோடாலியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் நாம், இன்று அதே மாவட்டத்தில் உலை ஊதிக்கொண்டிருப்பவரிடம் கோடாலி வாங்கும்போது ஒரு நிமிடம்கூட அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு, ஆலையில் செய்த கோடாலி இருக்கும்போது இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்பது. ஆலைக் கோடாலியில் இரும்பு ஒரே தரமாக இருக்கும், சூடு கருவியால் அளக்கப்படும், பெரும்பாலும் எல்லாம் ஒன்றுபோல வரும் என்பது உண்மை. நல்ல ஆலைக் கோடாலி கிடைத்தால் வாங்குங்கள். நான் சொல்லும் சோதனைகள் அதற்கும் பொருந்தும். கையால் அடித்ததாலேயே ஒன்று உயர்ந்தது என்று நான் நம்பவில்லை. கைவேலையில் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. பனையின் வைரம் ஒரு மாதிரி, உள்ளே சோறு ஒரு மாதிரி. கருவேலத்தின் தூர் வேறு மாதிரி. எந்த வேலைக்கு என்று சொன்னால் வாயின் அகலத்தையும் கன்னத்தின் கனத்தையும் தோய்ச்சலையும் அதற்கேற்ப மாற்றிக் கொடுக்கக்கூடியவர் கொல்லர் ஒருவர்தான். தேய்ந்து கட்டையான பிறகு மறுபடி காய்ச்சி அடித்து வாய் இழுத்துத் தோய்த்துக் கொடுப்பவரும் அவர்தான். இந்த நன்மையைக் கேட்டு வாங்காமல், ஆலைப் பொருளின் மேனியை மட்டும் நகல் எடுத்துத் தரச் சொன்னால், ஆலையின் சீரான தரமும் கிடைக்காது, கையின் நுணுக்கமும் கிடைக்காது. இயந்திர ரம்பம் வந்த பிறகு கோடாலிக்கு எதிர்காலம் ஏது என்றும் சிலர் கேட்கிறார்கள். நிற்கும் மரத்தை ரம்பம் அறுக்கட்டும். மண் ஒட்டிய தூரையும் வேரையும் ரம்பத்தில் அறுத்தால் சங்கிலி ஒரே நாளில் மழுங்கும். பிளப்பதும் கிளை கழிப்பதும் பனை செதுக்குவதும் இன்றும் கோடாலி வேலைதான்.

அரசு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லுத் தொழிலும் சுத்தியல் உள்ளிட்ட கருவிகள் செய்யும் தொழிலும் இருக்கின்றன. தமிழ்நாடு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்து, 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 25 சதவீத மானியமும் தருகிறது. எது சரி என்ற அரசியல் வாதத்துக்குள் நான் போகவில்லை. கடன் வாங்கிப் பவர் ஹேமரும் கிரைண்டரும் வாங்கிய பிறகு கொல்லர் யாருக்கு விற்பார் என்ற கேள்வி இரண்டிலும் மிச்சமிருக்கிறது. உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கொடுக்கும் கைக்கருவிகளை அரசுத் துறைகள் மொத்தமாக வாங்குகின்றன. குறைந்த விலையும் ஒழுங்கான தோற்றமும் மட்டும் பார்த்து வாங்கினால், அரசே மினுக்குக்குக் காசு கொடுக்கும் பெரிய வியாபாரியாகிவிடும். வாங்கும் ஒவ்வொரு நூறிலும் ஐந்தை எடுத்து, காய்ந்த பனை வைரத்தில் இருபது வெட்டு வெட்டிப் பார்க்கும் நிபந்தனை ஒன்றை ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்குத் தனியாகச் செலவு இல்லை. அடித்தவரின் முத்திரையும் கன்னத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பெயர் பொறித்த இரும்பைக் கொல்லர் அலட்சியமாக அடிக்க மாட்டார்; கெட்டால் யாரிடம் திரும்பிப் போவது என்பதும் தெரியும். 2021-இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. பனையை நம்பிய தொழில்களைக் காப்பதில் அந்த அளவு அக்கறை காட்டும் அரசு, அந்தத் தொழில்களின் கருவியையும் பார்க்க வேண்டும்.

கூலிக்கு வெட்டுபவருக்கு இதையெல்லாம் சோதித்துக்கொண்டிருக்க நேரம் ஏது என்பது கடைசி மறுப்பு. ஐந்து நிமிடம் போதும். கோடாலியைக் கயிற்றில் தொங்கவிட்டு ஆணியால் தட்டுங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் உடம்பில் வெடிப்பு இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம், சொத்தென்று ஒலித்தால் வைத்துவிடுங்கள். பழைய அரத்தை வாயில் வைத்து ஒருமுறை இழுங்கள். வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் தோய்ச்சல் இல்லை. கண்ணாடியில் வழுக்குவதுபோல் சறுக்கினால் தோய்ச்சல் கூடிப்போய்விட்டது, பல் போகும். முனகிக்கொண்டே மெல்லக் கடித்தால் அதுதான் பதம். வாயைச் சுத்தமாகத் துடைத்து எலுமிச்சம்பழ மூடியால் சில முறை தேய்த்துச் சற்று நேரம் விட்டுக் கழுவினால், இறுகிய பகுதியும் இறுகாத பகுதியும் நிறத்தில் பிரிந்து, அலைக்கோடுபோல ஒரு வரம்பு தெரியும். அந்த வரம்பு வாய்க்கு மேலே மூன்று விரற்கடை வரை இருந்தால் பல தடவை தீட்டினாலும் தோய்ச்சல் மிஞ்சும். இதைச் செய்யும்போது நல்ல கொல்லர் கோபிக்க மாட்டார். அரத்தை அவரே எடுத்துக் கொடுப்பார், காய்ந்த கட்டையை அவரே உருட்டிப் போடுவார். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்த முறை பட்டறைக்கோ சந்தைக்கோ கோடாலி வாங்கப் போகும்போது ஒரு பழைய அரமும் ஓர் எலுமிச்சம்பழமும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் காதைப் பாருங்கள். தேறினால், கொல்லர் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.